ஹாங்காங் பாஸ்போர்ட்டும் எங்கள் ரேஷன் கார்டும்

வெள்ளைக்காரன் நம் நாட்டை விட்டுப் போனபோது நான் கைக்குழந்தை. அவன் போனது எனக்குத் தெரியாது. ஆனால் அவன் ஹாங்காங்கை விட்டுப் போனது எனக்கு நன்றாகத் தெரியும். எப்போது போவான், எப்படிப் போவான், போகும்போது யாரைக் கூட்டிப்போவான், யாரை விட்டுவிட்டுப் போவான் என்று, அரியலூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பருத்திக்காட்டில் நின்றுகொண்டு, ஐம்பதை நெருங்கிய வயதில் இரண்டரை வருஷம் நான் காத்திருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே இருந்தார்.

அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலைதான். கல்யாண வீடுகளில் பெரிய அடுப்பில் சோறு வடிக்கிற கை என் வீட்டுக்காரருக்கு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, ஹாங்காங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்த பக்கத்து ஊர் முதலாளி ஒருவர், தன் வீட்டுச் சமையலுக்கு இவரைக் கூட்டிப்போனார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு மாதம் வந்து இருப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொழுந்தனார் குடும்பத்தோடு ஒரே வீட்டில், எனக்கென்று ஒரு அறையில் நான் இருந்தேன்.

போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனபிறகு, அந்த ஊர்க் குடியாகவே பதிந்து பாஸ்போர்ட் வாங்கிவிட்டால் இனி யாரும் உன்னை வெளியே அனுப்ப முடியாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இவரும் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிங்கமும் குதிரையும் கிரீடமும் அச்சடித்த ஒரு பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். அந்தத் தடவை லீவில் வந்தபோது ஊரே அதைக் கையில் வாங்கிப் பார்த்தது. ராணி பாஸ்போர்ட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். முதலாளி மட்டும் தன் இந்தியப் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளவில்லை. அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் மாசி மாதம், பருத்தி எடுத்துவிட்டு வந்து மடியை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். கொழுந்தனார் ஒரு கடுதாசியோடு வந்து வாசலில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். எனக்கு வரும் கடுதாசியைத் தபால்காரர் டீக்கடையில் கொழுந்தனார் கையில்தான் கொடுப்பார். ஐந்தாவது வரை படித்த எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் அவர் படிக்க, நான் கேட்பதுதான் வழக்கமாகிவிட்டது.

இன்னும் இரண்டு வருஷத்தில் வெள்ளைக்காரன் ஹாங்காங்கைச் சீனாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறான் என்று எழுதியிருந்தார். சீனாக்காரர்களுக்குக் கவலை இல்லை, அவர்கள் சீனாவோடு சேர்ந்துவிடுவார்கள். வெள்ளைக்காரர்களுக்குக் கவலை இல்லை, அவர்கள் கப்பலேறிவிடுவார்கள். இவரைப் போல, லண்டனில் குடியிருக்கச் செல்லாத அந்த ராணி பாஸ்போர்ட்டை வாங்கிய இந்தியாக்காரர்கள் சில ஆயிரம் பேர்தான் நடுவில் நிற்கிறார்கள். இவர்களைச் சீனாவின் தலையில் கட்டிவிட்டுப் போகலாமா, இந்தியாவையே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லலாமா, லண்டனுக்குக் கூட்டிப்போவதா என்று மூன்று வழியையும் லண்டனில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்களாம். சீனா இவர்களைத் தன் ஜனம் என்று சொல்லாது. இந்தியா, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தவன் நீ என்கிறது. லண்டன், யாராவது உங்களைத் துரத்தினால் அப்போது பார்க்கலாம் என்கிறது. "துரத்துகிறவரைக்கும் இங்கேயே நிற்க வேண்டும், அதுதான் இப்போது எங்கள் வேலை" என்று எழுதியிருந்தார்.

குடியிருந்த வீட்டைக் காலி செய்கிறவன் சாமானை எல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு, பூனையை என்ன செய்வது என்று வாசலில் நிற்பானே, அது போல இருந்தது எனக்கு.

கடுதாசியின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இப்போதே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடவா, அல்லது வெள்ளைக்காரன் ஒரு முடிவு சொல்லும்வரை இருக்கவா? வந்துவிட்டால் லண்டன் பாஸ்போர்ட் கிடைக்கிற வழி போய்விடும். கையிலிருப்பதும் கொஞ்ச நாளில் செல்லாமல் போகும். பிறகு எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் சொல்ல நாடு இருக்காது. இருந்தால், எத்தனை நாள் என்று தெரியாது. நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன் என்று எழுதியிருந்தார். அவர் என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. அதை ஒரு வாசல் நிறைய ஆட்கள் இருக்கும்போது கொழுந்தனார் படித்தார்.

"அக்காவுக்கு என்ன, ராணி ஊருக்கே போவப்போறாங்க. களைக்கொத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்கக்கா, அங்க களை வெட்ட ஆள் கெடைக்காதாம்" என்றாள் என் ஓர்ப்படியாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் நீலத்தாள் கடுதாசி ஒன்றில் பதில் எழுத உட்கார்ந்தேன். வந்துவிடுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். இருபது வருஷத்துக்கு மேல் மனதில் இருந்த வார்த்தை அது. ஆனால் விலாசத்தை இங்கிலீஷில் எழுதிக் கடுதாசியை ஒட்டுவது கொழுந்தனார் வேலை. அவர் பேனாவைத் திறந்தபடி எதிரில் உட்கார்ந்திருந்தார். ஒட்டும் முன் ஒரு தடவை படித்துப் பார்ப்பார். அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எழுத்துப் பிழை திருத்துவார். கூரை வீடு ஓட்டு வீடானது அண்ணன் அங்கே இருந்ததால்தான் என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லுகிற மனிதர். புருஷனை வா என்று கூப்பிடுகிற என் எழுத்தை அவர் கண்ணால் படிப்பார் என்று நினைத்தபோதே எனக்குக் காது சூடாகிவிட்டது. "இங்கு அனைவரும் நலம். மழை இல்லை. உங்கள் இஷ்டம்போல் செய்யவும்" என்று எழுதி நீட்டினேன்.

அவர் இஷ்டம்போல் செய்ய அவரிடம் என்ன இருந்தது? அவர் அங்கேயே நின்றார்.

அரியலூரில் ஒரு போன் பூத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பேசுவார். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் பஸ் ஏறிப் போவேன். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருப்பார்கள். அவர், நீ என்ன சொல்கிறாய், மனசில் உள்ளதைச் சொல் என்று கேட்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, நல்லாருக்கோம்ங்க, நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க என்பேன். நேரம் ஓடுகிற எண்கள் சிவப்பாக மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் அவர் இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பார். பிறகு வைத்துவிடுவார்.

லீவுக்குக்கூட அவர் வரவில்லை. லண்டன் சேதி எந்த நாளும் வரலாம், வருகிற நாளில் யார் யார் ஊரில் இருந்தார்கள் என்று பார்ப்பார்கள், அதனால் யாரும் வெளியே போகாதீர்கள் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். கொழுந்தனாரின் ரேடியோவில் சாயங்காலம் லண்டனிலிருந்து தமிழில் சேதி வரும். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் பக்கத்தில் நிற்பேன். ஹாங்காங் என்ற சொல் வந்தால் வாளியைக் கீழே வைத்துவிடுவேன். பாதி நாள் துறைமுகம், பங்குச் சந்தை என்று போய்விடும். எப்போதாவது ஒரு நாள் இவர்கள் விஷயம் வரும். மேல்சபைக்காரர்கள் கொடுக்கலாம் என்றார்கள், மந்திரி யோசிக்க வேண்டும் என்றார், அனுதாபத்துடன் பரிசீலிக்கப்படும் என்றார். பரிசீலனை என்ற சொல்லை நான் அந்த ரேடியோவில்தான் கற்றுக்கொண்டேன். கொழுந்தனாரிடம் அர்த்தம் கேட்டேன். முடியாது என்பதை அவசரமில்லாமல் சொல்வதுதான் அது என்றார்.

என் பிறந்த வீடு வேப்பந்தட்டைப் பக்கம். அங்கே போனால் என் அண்ணன் வாசற்படியிலேயே கேட்பார், மாப்பிள்ளை வருகிறாரா, இல்லையா? எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது. நல்லது கெட்டதுக்குப் போகும் இடத்திலெல்லாம் அதே கேள்வி. இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு காதுகுத்துக்கும் தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். காட்டுக்குப் போவேன், வருவேன், அறைக்குள் போய்விடுவேன். வெள்ளைக்காரன் ஒரு நாட்டை விட்டுப்போகிற கணக்கில், நான் என் வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தொண்ணூற்றேழு தை மாதக் கடைசியில் அந்தச் சேதி வந்தது. அன்றைக்கு யார் யார் ஹாங்காங்கில் குடியிருந்தார்களோ, யாருக்கு வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லையோ, அவர்களுக்கு லண்டன் பாஸ்போர்ட் உண்டு. ஆடி பிறப்பதற்குள் நாடு கைமாறிவிடும், மாறியபிறகு மனுப் போட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. கூடவே ஒரு வேலையும் சொன்னார். வேறு நாடு இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். அவரோடு ஒரே அறையில் இருந்த ஆள் சொன்னாராம், இந்தியாவில் எந்தக் காகிதத்திலாவது உன் பெயர் இருந்தால் நீ இந்தியன் என்று தள்ளிவிடுவான், முதலில் அதை எடு என்று.

எங்கள் இரண்டு பேருக்கும் தனியாக இருந்த ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இத்தனை வருஷமும் இருந்தது. லண்டனில் இருக்கிற அதிகாரிக்கு எங்கள் ஊர் ரேஷன் கார்டு எங்கே தெரியப்போகிறது என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்து ஒரு ஆள் இந்த நாட்டுக்காரன் என்பதற்குக் கையில் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்க, கரண்டு வாங்க, எதற்குப் போனாலும் அதைத்தான் கேட்டார்கள். லண்டனும் அதைத்தான் கேட்கும் என்று நினைத்தோம்.

கொழுந்தனார் வரவில்லை. பொம்பளை போனால் சீக்கிரம் முடித்துக் கொடுப்பார்கள் என்றார். ஒன்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். "வெளிநாடுன்னு வாயத் தொறந்துடாதீங்க அண்ணி. இத்தன வருஷமா ஊர்ல இல்லாத ஆள் பேர்ல சக்கர வாங்கித் தின்னீங்களான்னு கேஸ் போட்டுருவான்."

ரேஷன் கார்டு கொடுக்கிற தாலுகா ஆபீசில் காலையிலிருந்து வரிசையில் நின்றேன். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு வயசானவர் இருந்தார். கார்டை நீட்டி, பேர் எடுக்கணும்ங்க என்றேன். யார் பேர் என்றார். புருஷன் பேரை நான் வாயால் சொன்னதில்லை, விரலால் தொட்டுக் காட்டினேன். ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டார். கொழுந்தனார் சொன்னதை நினைத்து நான் கார்டையே பார்த்தேன். பெயரை எடுக்க வேண்டுமென்றால் அந்த ஆள் வேறு கார்டுக்கு மாறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறந்திருக்க வேண்டும், இரண்டில் எது என்றார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வேறு கார்டு என்றால் எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்பார். ஹாங்காங் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று நான் சொல்வேன்?

அவர் கண்ணாடியை இறக்கி என் நெற்றியைப் பார்த்தார். குங்குமம் இருந்தது. கழுத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேற குடித்தனம் வச்சுக்கிட்டுப் போயிட்டானாம்மா? என்னைக்கோ வருவான்னு பொட்டு வச்சுக்கிட்டுக் காத்திருக்கீங்க. ஒங்கள மாதிரி எத்தன பேரு வந்து நிக்கிறீங்க. ஒங்க பேர்ல கார்டு ஆனாத்தான் ஒங்களுக்கு அரிசி. எறந்துட்டதா எழுதிக்கிறேன், சரியா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படி இல்லைங்க, அவர் நல்லவர் என்றாவது சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, சர்ட்டிபிகேட் எதுவும் கேட்காமல், இரக்கப்பட்டு, அவர் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் 'இறப்பு' என்று எழுதிச் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். கீழே என் பெயரைத் தலைவி என்று எழுதினார். கார்டை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு அந்த ஒரு வார்த்தையைக் கூட்டாமலே படிக்க முடிந்தது.

வீட்டில், வேலை முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். கார்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ரேஷன் கடைக்கு நானே போனேன், யாரையும் அனுப்பவில்லை. ஒரு ஆள் குறைந்ததால் சர்க்கரை அளவும் குறைந்தது. கடைக்காரர் கார்டைப் பார்த்தாலும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வெளியூர்க்காரர்.

ஆனி மாதம் வெள்ளைக்காரன் போனான். மறுநாள் வாத்தியார் வீட்டு டிவியில் காட்டினார்கள். கொட்டுகிற மழையில் கொடியை இறக்கினார்கள். ஒரு பெரிய அதிகாரி தலையைக் குனிந்தபடி நின்றார், அவருடைய பெண்கள் அழுதார்கள். கூட்டத்தில் என் வீட்டுக்காரர் தெரிகிறாரா என்று நான் தேடினேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், நூற்றைம்பது வருஷம் இருந்தவனுக்குப் போக மனசு வருமா என்றார். எனக்கு அழுகிறவர்கள் பேரில் இரக்கம் வரவில்லை. நீங்கள் வீட்டுக்குத்தானே போகிறீர்கள் என்று நினைத்தேன்.

வருஷக் கடைசியில் அவருக்கு லண்டன் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அடுத்த வருஷம் சித்திரையில், ஆறு மாத விசா குத்திக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, அவர் வந்து சேர்ந்தார். மூன்று வருஷத்துக்கும் மேலாகப் பார்க்காத முகம். முடி கொட்டியிருந்தது. இனி இங்கேதான், ஆறு மாதம் முடிகிறபோது பெரம்பலூரில் மனுப் போட்டு நீட்டித்துக்கொள்ளலாம், நீ இந்தியப் பெண், உன் புருஷன் என்றால் கொடுப்பார்கள் என்றார். அந்த ஆறு மாதம் எங்களுக்கு நன்றாகத்தான் போனது. ஆடுகளைச் சீன பாஷையில் எண்ணுவார். நான் சமைத்தால் பக்கத்தில் வந்து நின்று உப்பு பார்ப்பார், எனக்கு வெட்கமாக இருக்கும். கல்லங்குறிச்சிக் கோயிலுக்கு ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் நடந்தே போனோம். பெட்டியில் இருந்த கார்டைப் பற்றி ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

பெரம்பலூர் அப்போதுதான் ஜில்லாவாகியிருந்தது. போலீஸ் பெரிய ஆபீசில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்று ஒரு நோட்டு இருந்தது. அதில் பெயர் எழுத வந்த முதல் உள்ளூர்க்காரர் இவர்தானாம். மனுவை வாங்கிக்கொண்டார்கள். பத்து நாளில் எங்கள் பக்கத்து ஸ்டேஷன் ஏட்டு ஒருவர் விசாரணைக்கு வந்தார். நல்ல மரியாதையான ஆள். வாசலில் நாற்காலி போட்டோம், மோர் கொடுத்தோம். குடும்பத்தைப் பற்றி ஏதாவது காகிதம் இருந்தால் காட்டுங்கள், ரேஷன் கார்டு இருந்தால் போதும் என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, எடுத்துட்டு வா என்றார்.

பெட்டியைத் திறக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

ஏட்டு கார்டைப் புரட்டினார். திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தார். எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. இதுல நீங்க எறந்துட்டதா இருக்கு" என்றார்.

கொழுந்தனார் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு நடந்ததை, எல்லாரும் நிற்கும்போதே, நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. ஓர்ப்படியாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "புருஷன் பேருக்குக் கோடு போடச் சொல்லிட்டு, தலைக்குப் பூ வச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்களாக்கா" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "வெள்ளைக்காரன் என்னய என்ன பண்றதுன்னு எத்தன வருஷம் யோசிச்சான். நீ ஒரு காலையில முடிச்சுட்டியே" என்றார். ஏட்டுகூடச் சிரித்தார். எனக்கு அவர் என்னை அடித்திருந்தால் தேவலாம் போல இருந்தது.

ஏட்டு தன் சங்கடத்தைச் சொன்னார். கார்டில் இறந்தவர், மனுவில் உயிரோடு இருப்பவர், இதை அவர் அப்படியே எழுதி அனுப்பினால் விசாரணை பெரிதாகும். கார்டைச் சரி செய்துகொண்டு வந்தால் நல்லபடியாக எழுதுகிறேன் என்றார். மறுநாளே போனோம். அந்தக் கண்ணாடிக்காரர் ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார். புதிதாக இருந்தவர், இறப்பு என்பதை அடித்தால் பெயரைத் திரும்பக் கார்டில் சேர்க்க வேண்டும், வெளிநாட்டுக்காரர் பெயரைக் கார்டில் சேர்க்கச் சட்டமில்லை என்றார். இறந்தவராக இருக்கலாம், உயிரோடு வைக்க முடியாது. நாங்கள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் பீடி பற்ற வைத்தார், இரண்டு குச்சி அணைந்துபோனது.

கிராம அதிகாரி நல்ல மனிதர், இவர் உயிருடன் உள்ளார், இன்னாரின் கணவர் என்று தன் கைப்பட ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். அதையும் கார்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பெரம்பலூர் ஆபீசில், இரண்டில் எதை நம்புவது, நீட்டிப்பு கிடையாது, நாட்டை விட்டுக் கிளம்ப முப்பது நாள் தருகிறோம், முறையாகப் போய்விட்டால் அடுத்த தடவை விசாவுக்குத் தடை இருக்காது என்றார்கள்.

அன்று மத்தியானம் வீட்டில் பேச்சு. கொழுந்தனார் சொன்னது சுலபமான வழி. போகவே வேண்டாம், அந்தப் பாஸ்போர்ட்டைத் தவிட்டுப் பானையில் போட்டுவிட்டுப் பேசாமல் வீட்டில் இரு அண்ணா, இந்த ஊரில் யார் வந்து உன்னைப் பிடிக்கப்போகிறார்கள், செத்துப்போனவனுக்கு விசா எதற்கு என்றார். ஏட்டு ஒரு மாதத்தில் மாறிப் போய்விடுவார். இன்னொரு வழி, நானும் கூடக் கிளம்பி லண்டன் போவது. அங்கே எங்களுக்கு ஒரு திண்ணை தெரியாது, ஒரு முகம் தெரியாது. மூன்றாவது, அவர் ஹாங்காங்குக்கே திரும்பிப் போய், பழைய முதலாளியிடம் கேட்டு, ஆறு மாதம் அங்கே, விசா கிடைத்தால் ஆறு மாதம் இங்கே என்று இருப்பது.

எல்லாரும் வெளியே போனபிறகு அவர் கேட்டார்.

"மூணு வழி. அன்னைக்கு ஒனக்கு எழுதிக் கேட்டேன், இஷ்டம்போல செய்யின்னு எழுதின. இப்பவாச்சும் சொல்லு."

"அன்னைக்கு வாங்கன்னுதான் எழுத நெனச்சேன்" என்றேன். "கொழுந்தனாரு படிப்பாருன்னு எழுதல."

அவர் கோபப்படவில்லை. "சரி, இப்ப யாரும் படிக்க மாட்டாங்க" என்றார்.

இருந்துவிடுங்கள் என்பது என் தொண்டை வரைக்கும் வந்தது. எனக்கு அதுதான் வேண்டும். ஆனால் கொழுந்தனார் சொன்ன வழியை அந்த மத்தியானம் முழுக்க நான் நினைத்துப் பார்த்தேன். அவர் பஸ் ஏற முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் என் அறைக்குள் வந்து உட்கார வேண்டும். அந்த அறையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவள் நான். அதில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை.

"போயிட்டு வாங்க" என்றேன்.

பெரம்பலூரில் ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்க வைத்திருப்பவர்தான் கொடுக்க வேண்டுமாம். கொழுந்தனார் கையை நீட்டினார். கார்டில் தலைவி யார் என்று கேட்டுவிட்டு, எழுத்தர் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். ஒரு தடவை படிங்க என்று கேட்டேன். என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார். நானே படித்தேன், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. இன்ன நாட்டைச் சேர்ந்த இன்னார் என் பொறுப்பில் என் வீட்டில் தங்கியுள்ளார். இன்ன தேதிக்குள் அவரை நாட்டை விட்டு அனுப்பி வைக்க நான் பொறுப்பேற்கிறேன். தவறினால் சட்டப்படியான நடவடிக்கைக்கு உட்படுகிறேன். எழுத்தர் அவசரப்படுத்தவில்லை. கையெழுத்துப் போடும்போது என் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன், மேலே சேர்த்து எழுதினேன்.

தேதி ஒரு வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பெட்டியை நான் கட்டி வைத்தேன். சென்னைக்குப் போய் ஏரோப்ளேன் ஏற ஒரு நாள் போதும், புதன் சாயங்காலம் கிளம்பினால்கூட வியாழன் ராத்திரி ஏறிவிடலாம், இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்றார். கடலைக்காட்டில் கொஞ்சம் பாக்கி இருந்தது, அதைப் பிடுங்கிவிட்டுப் போகிறேன் என்றார். நான் சீப்பையும் சோப்பையும் பெட்டியின் ஓரத்தில் செருகினேன்.

"ரயில் லேட்டாச்சுன்னா? வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா? அப்பறம் ஒங்கள இந்தப் பக்கம் விடவே மாட்டாங்க. கையெழுத்துப் போட்டவ நானு. கெளம்புங்க" என்றேன்.

அவர் என்னைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். அரியலூர் ஸ்டேஷனில் பகல் ரயில். பெட்டியை ஜன்னல் வழியாக நான்தான் உள்ளே தள்ளினேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விசாவுக்கு எழுதிப் போட்டதும் கடுதாசி எழுதுகிறேன் என்றார். ஸ்டேஷனில் நிறையப் பேர் இருந்தார்கள். என் பேருக்கே போடுங்க, தபால்காரர்கிட்ட நான் சொல்லி வச்சுக்கறேன் என்று சத்தமாகவே சொன்னேன்.